இரண்டாவது அடி

மேற்கே தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் குண்டுகள் வெடித்த வாரத்தில் எங்கள் வீட்டுக்குக் குடிக்கிற சம்பை ஊற்றுத் தண்ணீர் வரவில்லை. தினமும் காலையில் சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு வருகிறவர், மணிகூட அடிக்காமல் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். வெறுங்குடத்தோடு நின்றுகொண்டிருந்த அம்மா, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பதில் தெரியாத கேள்வி வந்தால் பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

காரைக்குடியில் எங்களுடையது பழைய சாமான் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. செட்டிமார் வீடுகள் பங்கு பிரிந்து இடிபடும்போது தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், பீங்கான் ஜாடிகள், எனாமல் தூக்குகள் என்று எல்லாம் அத்தாவிடம், என் தகப்பனாரிடம், வந்து சேரும். கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படங்களும் வரும். மயில்மேல் முருகனும் தாமரைமேல் லட்சுமியும் வாங்க ஆள் வரும்வரை எங்கள் கடைச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். அத்தா ஐந்து வேளையும் தொழுகிறவர். அந்தப் படங்களை ஈரத்துணியால் துடைத்து வைப்பவரும் அவர்தான். தூசி படிந்த சாமியை யார் வாங்குவார்கள் என்பார்.

கடையில் அத்தாவுக்குத் துணை மாமா. அம்மாவின் தம்பி. பழைய கதவுகளில் அடித்திருக்கும் ஆணிகளைச் சின்னக் கடப்பாரையால் நெம்பி எடுப்பது அவர் வேலை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவது போல எடுத்துப் போடுவார். அவர் கையை நீட்டினால் நான் அதில் ஊஞ்சல் ஆடுவேன். சவுதியில் வேலைக்கு ஏற்பாடாகி, விசாவுக்காகக் காத்திருந்தார். போனதும் எனக்குப் பேசும் பொம்மை அனுப்புவதாக ஒப்பந்தம். உலகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் யார் என்று அப்போது கேட்டிருந்தால் அத்தாவின் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வாரம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண், "உங்க ஆளுக எதுக்குடி குண்டு வச்சாக?" என்று கேட்டாள். அவள் குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டு, எங்கள் அத்தாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் கேட்டபோது அத்தா ஒரு கதவை டேப்பால் அளந்துகொண்டிருந்தார். டேப் சரக்கென்று சுருண்டு உள்ளே போயிற்று. "அத வச்சவனுககிட்டத்தான் கேக்கணும்" என்றார். பிறகு, பாதி அளந்த கதவை மறுபடி முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் இதைப் பற்றித்தான் பயானில் பேசினாராம். அத்தா சோறு தின்றுகொண்டே அம்மாவிடம் சொன்னார். ஒரு உயிரை அநியாயமாக எடுத்தவன் மனுச குலத்தையே கொன்றவன். ஒரு உயிரைக் காப்பாற்றியவன் எல்லாரையும் காப்பாற்றியவன். போர் என்றே வந்தாலும் பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள், மடத்தில் உட்கார்ந்து சாமி கும்பிடுகிறவர்கள் யார்மேலும் கைவைக்கக் கூடாது. காய்க்கிற மரத்தைக்கூட வெட்டக் கூடாது. குண்டுக்குக் கண் கிடையாது, பிள்ளை எது கிழவன் எது என்று அதற்குத் தெரியாது, ஆகவே அதை வைக்கிறவனுக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை.

எனக்கு மரம் விஷயம் பிடித்திருந்தது. சண்டைக்குப் போகிறவர்கள் நடுவில் நின்று, இது காய்க்கிற மரமா என்று அண்ணாந்து பார்ப்பதை நினைத்துச் சிரித்தேன்.

மாமா சிரிக்கவில்லை. "நம்மகிட்டச் சொல்லி என்ன மச்சான் ஆகப்போகுது? நாம யாரும் வைக்கல. நம்மள அடிக்க வாரவனுக்கு யாரு பயான் பண்றது?" என்றார்.

"அடிக்க வந்தா தடுக்கலாம் மாப்ளே. அதுக்கு அனுமதி இருக்கு. வரம்பு மீறக் கூடாது, அம்புட்டுத்தான்."

"வரம்புன்னா எம்புட்டு? டேப்பு வச்சு அளந்து வச்சிருக்கீகளா?"

அம்மா சிரித்துவிட்டாள். அத்தா ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துபோனார். அவருக்குப் பதில் தெரியவில்லை என்றுதான் நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவருக்கும் அப்போது தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் கடையடைப்பு. குண்டு வெடிப்பைக் கண்டித்து ஊர்வலம் என்றார்கள். கண்டிப்பதில் அத்தாவுக்கும் உடன்பாடுதான். காலையிலேயே கடையின் முன்பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி அடைத்துவிட்டார். ஒரே ஒரு பலகை மட்டும் பாக்கி. உள்ளே ஒரு பெரிய நிலைக்கதவு வழியில் கிடந்ததால் அதை நகர்த்திவிட்டுப் போடலாம் என்று மாமா விட்டிருந்தார். அந்த இடைவெளியில் போய் நிற்கக் கூடாது என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். ஊர்வலத்தில் மேளம் இருக்குமா என்று பார்க்க நான் அங்கே போய் நின்றேன்.

மேளம் இல்லை. முன்னால் போனவர்கள் ஒழுங்காகக் கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர், அத்தாவிடம் கதவு வாங்கியவர்கள், அதில் இருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து உள்ளே போ என்று கைகாட்டினார். கடைசியாக வந்த கூட்டம் வேறு மாதிரி இருந்தது. சின்ன வயசுப் பையன்கள். எங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து நின்றார்கள்.

முதல் கல் பலகையில் பட்டுத் தெறித்தது. அடுத்தது இடைவெளி வழியாக உள்ளே வந்து, எனக்குப் பின்னால் சாய்ந்திருந்த முருகன்மேல் விழுந்தது. கண்ணாடி உடைந்து சிதறியதில் ஒரு சில்லு திரும்பிப் பார்த்த என் புருவத்துக்கு மேலே கிழித்துக்கொண்டு போயிற்று. வலிக்கவில்லை. ஒரு கண்ணில் மட்டும் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது.

கம்போடு ஒரு பையன் அந்த இடைவெளியில் புகுந்து உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சில பேர் முண்டினார்கள். மாமா கையில் கடப்பாரை இருந்தது. ஓங்கிய கம்பின்மேல் ஒரு அடி. கம்பு எகிறிப் போய் ஜாடிகளுக்கு நடுவில் விழுந்தது. பையன் பின்வாங்கியவன், தரையில் கிடந்த தூண் தடுக்கி மல்லாக்க விழுந்தான். அதற்குள் தெருவில் போலீஸ் விசில் கேட்டது. வாசலில் முண்டியவர்கள் ஓடிவிட்டார்கள். விழுந்தவன் மட்டும் தேக்குத் தூண்களுக்கு நடுவில், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கிடந்தான்.

மாமா அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். என் சட்டையெல்லாம் ரத்தம். அவர் முகம் எனக்குத் தெரியாத யாரோ ஒருவர் முகமாக மாறியது. கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து, கிடந்தவன்மேல் ஓங்கினார்.

அத்தா எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. குறுக்கே வந்து வலது கையை நீட்டினார். காய்ந்த சுள்ளி முறிவது போல ஒரு சத்தம்.

"விழுந்துட்டான் மாப்ளே" என்றார் அத்தா. கத்தவில்லை. தகவல் சொல்வது போலச் சொன்னார். பிறகு முறிந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு ஒரு தூணின்மேல் உட்கார்ந்தார். மாமாவின் கையிலிருந்து கடப்பாரை நழுவி விழுந்தது.

அம்மாவின் அலறல் கேட்டு எதிர்வீட்டு டீச்சர் ஓடிவந்தார். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். எனக்கு ஒன்றாம் வகுப்பில் அகரம் எழுதச் சொல்லிக்கொடுத்தவர். என் நெற்றியைக் கழுவிப் பஞ்சு வைத்துக் கட்டினார். அத்தாவின் கைக்கு அண்டைகொடுக்க எதுவும் கிடைக்காமல், வீட்டுக்கு ஓடிப்போய், வகுப்பில் எங்களை அடிக்கிற மரஸ்கேலைக் கொண்டுவந்து வைத்துச் சேலைக் கிழிசலால் சுற்றினார். அந்த ஸ்கேல் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்க ஆண்டவரு மறு கன்னத்தக் காட்டச் சொன்னாரு அண்ணே. நீங்க கையவே குடுத்துட்டீக" என்றார் டீச்சர்.

அத்தா வலியோடு சிரித்தார். "மறு கன்னம் ரொம்பப் பெரிய விசயம் டீச்சர். எங்களுக்கு அம்புட்டுக் கஷ்டம் வைக்கல. அடிக்க வந்தா தடுத்துக்கன்னு இருக்கு. அவன் நிறுத்திட்டா நீயும் நிறுத்துன்னு இருக்கு. அந்த நிறுத்துறதுதான் கொஞ்சம் இதாப் போச்சு."

தூண்களுக்கு நடுவில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அத்தா அம்மாவிடம் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அம்மா கொண்டுவந்து டம்ளரை நங்கென்று தரையில் வைத்தாள். "பச்சப்புள்ள நெத்தியப் பொளந்தவனுக்குத் தண்ணியாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அது கிணற்று உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர்தான் வரவில்லையே. அவன் ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

போலீஸ்காரர்கள் வந்து அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவர் லத்தியை ஓங்கியதும் அத்தா எழுந்துவிட்டார். "நானும் வாரேன் சார். இவன் எங்க வீட்டுக்குள்ள இருந்தவன். ஸ்டேஷன்வரைக்கும் நான்தான் கூட்டியாரணும்" என்றார். விருந்தாளியைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. லத்தி இறங்கியது. அடிபட்ட பிள்ளையும் வரட்டும் என்றார்கள். மாமாவும் வந்தார். ஊர் அடங்கிக் கிடந்த தெருவில் நாங்கள் நான்கு பேரும் போலீசோடு நடந்துபோனதை எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். யார் அடித்தது, யார் அடிபட்டது என்று அவர்களால் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. களைத்துப் போயிருந்தார். காலையிலிருந்து இதே வேலை. என் நெற்றியைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, "என்ன நடந்துச்சு பாய்?" என்று கேட்டார்.

அத்தா சொன்னார். கல் வந்தது, கண்ணாடி உடைந்தது, பையன் கம்போடு வந்தான், மச்சினன் அந்தக் கம்பைத் தட்டிவிட்டான். அது சரி. இதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் மேலே கேட்கவில்லை. எஸ்.ஐ. பேனாவை மூடக்கூடப் போய்விட்டார்.

"அதுக்கப்புறம் இவன் விழுந்துட்டான் சார். விழுந்து கிடந்தவன அடிக்க எங்க மச்சினன் மறுபடி ஓங்குனாரு. அது சரியில்ல."

மாமா தலையைத் தூக்கி அத்தாவைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"அந்த அடி எங்க பட்டுச்சு?" என்றார் எஸ்.ஐ.

அத்தா ஸ்கேல் வைத்துக் கட்டிய கையைக் கொஞ்சம் தூக்கினார்.

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப உங்க மச்சினன் மேல நீங்கதான் புகார் எழுதிக் குடுக்கணும்."

"நான் குடுக்கல சார்."

"பெறகு எதுக்குய்யா சொன்னீக?"

"என்ன நடந்துச்சுன்னு கேட்டீகளே."

எஸ்.ஐ. அந்தப் பையன் பக்கம் திரும்பினார். அவன் அழ ஆரம்பித்திருந்தான். கல்லையும் நான்தான் எறிந்தேன், பாப்பா நிற்பது தெரியாது என்றான். அவனையும் யாரும் அதைக் கேட்கவில்லை. அத்தா சொன்னதைக் கேட்டபின் அவனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. "கடைசியில முருகனையே கல்லெடுத்து அடிச்சிட்டு வந்திருக்கியேடா" என்றார் எஸ்.ஐ. அங்கிருந்த ஏட்டு சிரித்தார். பையன் இன்னும் அழுதான்.

அவனுடைய அப்பா கோட்டையூர்ப் பக்கத்திலிருந்து மத்தியானம் வந்து சேர்ந்தார். விவசாயி. வேட்டியில் வயல்சேறு இருந்தது. மகனை ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் அத்தாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்கூருல எலும்புக்கு நல்லாக் கட்டுவாரு ஒருத்தரு. நான் கூட்டிட்டுப் போறேன், வாரீகளா?" என்று கேட்டார். அத்தா கிளம்பிவிட்டார். வழக்கு ஒன்றும் இல்லாமல் எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டது மாமாதான். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலை மாமா பையை எடுத்துக்கொண்டு திருப்பத்தூரில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அத்தா கட்டோடு வந்தபோது அம்மா காத்திருந்தாள். கையைப் பார்த்து அழுதாள், அப்புறம் சண்டை போட்டாள். "விசாவுக்கு நிக்கிற புள்ள. ஒரு கேஸு விழுந்திருந்தா அவன் பொழப்பு என்ன ஆகும்? யாரு கேட்டா உங்கள? கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்திட்டு வந்திருக்கீக."

"சாட்சி சொல்லயில தாய் தகப்பன், சொந்தம், ஏன், நமக்கே எதிரா இருந்தாலும் உள்ளதச் சொல்லணும்னு இருக்கு."

"இருக்கட்டும். அதுல என் தம்பி பேரு போட்டிருக்கா?"

பிறகு ரொம்ப நாட்களுக்கு அம்மா அத்தாவுக்குச் சோற்றை உருட்டி ஊட்டிவிட்டாள். ஆனால் பேசவில்லை. ஊட்டுகிற கையும் பேசாத வாயுமாக இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு விநோதமாக இருக்கும்.

நான் முழுசாக அம்மா கட்சி. அத்தாவுக்கு என்மேல் பிரியம் இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். எனக்கு ரத்தம் வந்தபோது கோபப்பட்டவர் மாமா. அத்தா என் பக்கம் வராமல், எறிந்தவன் பக்கம் போனார். என் ஒன்பது வயதுக் கணக்கில் அது சுலபமான கணக்கு. ராத்திரி தூங்கும்போது அத்தா இடது கையால் என் நெற்றிக் கட்டைத் தொட வந்தால் தூங்குவது போலப் புரண்டு படுப்பேன். அவர் கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் மறக்காமல் கேட்டாள். உங்க அத்தா என்ன சொன்னாக? அத வச்சவனுககிட்டத்தான் கேக்கணுமாம் என்றேன். அவளுக்குத் திருப்தியான பதிலாகத்தான் இருந்தது. பிறகு என் நெற்றியில் என்ன என்று கேட்டாள். அதையும் எறிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லத் தோன்றியது. முருகன் படம் விழுந்துவிட்டது என்றேன். அவள் தன் அழிரப்பரில் பாதியைக் கிள்ளி எனக்குக் கொடுத்தாள்.

நல்ல தண்ணீர் மறுபடி வரத் தொடங்கியது. தண்ணீர்க்காரர் ஏன் வரவில்லை என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அத்தா முருகனுக்குப் புதுக் கண்ணாடி போட்டு வைத்தார். மாமா மட்டும் வரவில்லை. அத்தா கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து எப்போதாவது வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, அவசரமாகப் போய்விடுவார். காட்டிக்கொடுத்தவர் முகத்தில் அவர் எப்படி விழிப்பார் என்றாள் அம்மா. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனால் வரும்போதெல்லாம் மாமா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார். மச்சான் கை எப்படி இருக்கு? பொம்மையைப் பற்றி நான் எடுத்தால்கூட அதைத்தான் கேட்பார்.

ஒருவழியாக விசா வந்தது. பயணம் கிளம்புகிற அன்று சாயங்கால அஸர் தொழுகை நேரத்தில் மாமா வந்தார். அத்தா பள்ளிவாசலில் இருப்பார் என்று கணக்குப் பண்ணித்தான் வந்திருக்க வேண்டும். வாசலில் ஆட்டோ நின்றது. அம்மா அழுதாள். என் கன்னத்தைத் தட்டிவிட்டு மாமா படியிறங்கினார்.

அத்தா தெருவில் வந்துகொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் தொழுதாரா, இல்லை இதை அவரும் கணக்குப் பண்ணி வைத்திருந்தாரா, தெரியாது. மாமா ஆட்டோவில் ஏறவும் முடியாமல், திரும்பி வீட்டுக்குள் வரவும் முடியாமல் நின்றார். அத்தா பக்கத்தில் வந்து சலாம் சொல்லி, வலது கையை நீட்டினார். கட்டு அவிழ்த்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு லேசாகப் புடைத்து, கை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பயணம் போகிறவர்கள் இரண்டு கையாலும் பிடித்து விடைபெறுவது எங்கள் வழக்கம். பிடித்துவிட்டு உடனே விட்டுவிடுவார்கள். மாமா விடவில்லை. குனிந்த தலையோடு, அந்தப் புடைப்பைக் கட்டைவிரலால் தடவியபடி நின்றுகொண்டே இருந்தார். அத்தாவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

எலும்பு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று மாமா பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அதற்காக இவ்வளவு அழுத்தினால் அத்தாவுக்கு வலிக்குமே என்று கோபமாகக்கூட வந்தது.

"போதும் மாமா, விடுங்க" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரும் விடவில்லை.